சிரிக்கக் கூடாத படம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாஸ்போர்ட் படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது ஒருங்கிணைக்கும் நண்பர் சற்றுத் தயங்கினார். "அது ஸ்டூடியோக்காரர் விஷயம் அல்லவா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: நம் சந்திப்புக்கு வருகிறவர்களில் கவிதை எழுதாதவர்கள் உண்டு, நாவல் படிக்காதவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்காதவர் அநேகமாக ஒருவரும் இல்லை. நம்மைக் கடல் தாண்ட வைத்த காகிதத்தில் நம்முடையது என்று சொல்லத்தக்கது அந்தச் சின்னப் படம்தான். அதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை.

இன்று இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்யப் போகிறேன். அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்வேன். நம் படங்கள் ஏன் திருப்பி அனுப்பப்படுகின்றன, நாம் எங்கே தவறுகிறோம் என்பதையும் சொல்வேன். விதிகளைத் தனியாகப் படித்தால் அதிகாரிகளின் பிடிவாதம் போலத் தெரியும். வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் நினைவில் நிற்கும்.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டு என்பார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட் என்பார்கள். நான் இரண்டையும் கலந்தே பேசுவேன். ஆனால் "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ" என்ற சொல்லை நாம் எல்லோரும் ஒன்றாகவே சொல்கிறோம். தமிழ்நாட்டில் பாஸ்போர்ட்டைக் கையில் தொட்டே பார்க்காத கோடிக்கணக்கானவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஹால் டிக்கெட்டுக்கு, வங்கிக் கணக்குக்கு, பஸ் பாஸுக்கு என்று அதன் தேவை வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கு பாஸ்போர்ட் என்பது ஓர் ஆவணத்தின் பெயர் என்பதைவிட ஓர் அளவின் பெயர்.

எழுத்தில் வரைந்த முகம்

முதல் உலகப் போர் வரைக்கும் கடவுச்சீட்டில் படம் கிடையாது. எழுத்துதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். வயது, உயரம், நெற்றி, கண், மூக்கு, வாய், மோவாய், தலைமுடி, நிறம், முகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். நெற்றி உயர்ந்தது, மூக்கு நேரானது, வாய் நடுத்தரமானது, முகம் நீள்வட்டம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே சொற்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. அதை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

1915இல் ஓர் ஆங்கிலப் பயணி லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் குறைப்பட்டுக் கடிதம் எழுதினார். விண்ணப்பத்தில் முகம் என்ற இடத்தில் அவர் "அறிவுக்களை உடையது" என்று எழுதியிருக்கிறார். அதிகாரி அதை அடித்துவிட்டு "நீள்வட்டம்" என்று போட்டுவிட்டார். தன் முகத்தை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் முடிவு செய்கிறாரே என்பது அவருடைய வருத்தம்.

நமக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. தமிழ்நாட்டில் படித்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. வாத்தியார் நம்மைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடக்கச் சொல்லி மச்சம் தேடியது பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த வரிகளை ஒத்த வரிகளை நான் இன்னோர் இடத்தில் படித்தேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட "துரூரோ" என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கப்பல் அது. 342 பேர். அதற்குப் பிறகு 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாக. அந்தக் கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், கடைசியில் உடல் அடையாளம். நெற்றியில் தழும்பு, காலில் தழும்பு, மார்பில் மச்சம். பெயரை ஆங்கில எழுத்தர் எப்படியோ சிதைத்து எழுதியிருப்பார். தழும்பைச் சரியாக எழுதியிருப்பார். ஏனென்றால் தோட்டத்தைவிட்டு ஒருவர் ஓடிப்போனால் தேடுவதற்குத் தழும்புதான் உதவும்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இதுகூட இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் பொறித்த தகர டிக்கெட். சரக்கு மூட்டைக்கு விலாசம் கட்டுவதைப் போல.

மொரிசியஸ் டிக்கெட்

அடையாளச் சீட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், ஐரோப்பிய கனவான்களின் கடவுச்சீட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்களின் சட்டைப்பைக்கு வந்து நிற்கிறோம்.

மொரிசியஸுக்கு 1834இலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களைப் "பழைய குடியேறிகள்" என்று அரசாங்கம் அழைத்தது. சட்டப்படி அவர்கள் சுதந்திரமானவர்கள். சிறு நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம், காய்கறி விற்கலாம். தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களை மறுபடி தோட்டத்துக்குள் தள்ள வேண்டும். 1867இல் ஒரு சட்டம் வந்தது. பழைய குடியேறி ஒவ்வொருவரும் தன் புகைப்படம் ஒட்டிய டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அதோடு போலீஸ் அனுமதிச் சீட்டும் வேண்டும். படத்துக்கான செலவு அவரவருடையது. தொலைந்தால் மறுபடி அலைய வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்கும்போது டிக்கெட் இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்குப் படம் எடுப்பதென்றால் கண்ணாடித் தகடு, மருந்து, அசையாமல் உட்கார வேண்டிய நேரம். கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கையோடு ஒரு மனிதர் அந்தப் பெட்டியின் முன் உட்கார வைக்கப்படுகிறார். அநேகமாக அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் படமும் கடைசிப் படமும் அதுதான். நினைவுக்காக எடுத்த படமல்ல. காவலரிடம் காட்டுவதற்காக எடுத்தது.

1871இல் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி ஒருவர் இந்தக் கொடுமைகளை எழுதி ஆளுநரிடம் மனுவாகக் கொடுத்தார். 9,401 பழைய குடியேறிகள் அதில் ஒப்பமிட்டார்கள். மனுவில் அவர்கள் சொன்ன குறைகளில் இந்தப் படம் ஒட்டிய டிக்கெட்டும் ஒன்று. 1872இல் பிரிட்டனிலிருந்து விசாரணை ஆணையம் வந்தது. 1878இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. படம் ஒட்டிய சீட்டை எதிர்த்து எழுந்த மிகப் பழைய குரல்களில் ஒன்று நம்முடையது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இதற்குப் பிறகு 1880களில் பாரிஸ் போலீசில் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் குற்றவாளிகளைப் படம் எடுக்க முறை வகுத்தார். நேர் முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். அமெரிக்காவில் 1892இன் சட்டமும் 1893இன் திருத்தமும் சீனத் தொழிலாளர்கள் படம் ஒட்டிய வசிப்பிடச் சான்று வைத்திருக்க வேண்டும் என்றன. குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்கு ஏன் செய்கிறீர்கள் என்று அவர்கள் எதிர்த்தார்கள். கூலிகள், கைதிகள், வேண்டாத குடியேறிகள். இந்த வரிசையில்தான் சான்றுப் படம் வளர்ந்தது. நேராகப் பார், அசையாதே, சிரிக்காதே என்ற கட்டளையின் தொனி அங்கிருந்து வருகிறது.

ஓர் ஒற்றனும் இரவல் கடவுச்சீட்டும்

அப்படியானால் அந்தப் படம் எல்லோருடைய கடவுச்சீட்டுக்கும் எப்படி வந்தது? ஓர் ஒற்றன் அதற்கு ஒரு காரணம்.

கார்ல் ஹான்ஸ் லோடி ஜெர்மன் கடற்படையின் சேமப் பிரிவைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் வாழ்ந்தவர், ஆங்கிலத்தை அமெரிக்கர்போலவே பேசுவார். 1914இல் போர் தொடங்கியதும் அவரைப் பிரிட்டனுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். பெர்லினில் இருந்த சார்லஸ் இங்கிலிஸ் என்ற அமெரிக்கர், விசா வேலைக்காகத் தன் கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தார். ஜெர்மன் அலுவலகத்துக்குப் போன அந்தச் சீட்டு "காணாமல்" போயிற்று. அதில் படம் இல்லை. லோடி அதை எடுத்துக்கொண்டு இங்கிலிஸாக நார்வே வழியே எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். துறைமுகங்களைப் பார்த்துக் கடிதம் எழுதினார். அவர் கடிதங்களைப் பிரிட்டிஷ் உளவுத்துறை பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அயர்லாந்தில் பிடிபட்டார். நவம்பர் 6 அன்று லண்டன் கோபுரக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள்.

அதே டிசம்பரில் அமெரிக்க அரசு கடவுச்சீட்டுக்குப் படம் கட்டாயம் என்றது. 1915இல் பிரிட்டனும் படமும் கையொப்பமும் உள்ள புதிய சீட்டை வெளியிட்டது. போர் முடிந்த பின் 1920இல் நாடுகளின் சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி 32 பக்கப் புத்தக வடிவத்தைப் பரிந்துரைத்தது. நம் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் உருவம் அங்கே பிறந்தது. அதே 1920இல் இந்தியாவுக்குள் நுழைவோருக்கான பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடு என்று சொன்னது நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

தொடக்கத்தில் விதி என்று பெரிதாக எதுவும் இல்லை. மக்கள் வீட்டில் இருந்த படத்தை வெட்டிக் கொடுத்தார்கள். தொப்பி அணிந்த படம், தோட்டத்தில் நின்று சிரிக்கும் படம், குடும்பப் படத்திலிருந்து கத்தரித்த ஒரு தலை. மனைவிக்குத் தனிச் சீட்டு இல்லாமல் கணவரின் சீட்டிலேயே அவரும் ஒட்டப்பட்டிருப்பார். வெட்டிய படங்களால் குழப்பம் வரவர, விதிகள் ஒவ்வொன்றாகக் கூடின.

பெட்டியும் ஸ்டூடியோவும்

1925இல் சைபீரியாவிலிருந்து நியூயார்க் வந்த அனத்தோல் ஜோசப்போ என்பவர் பிராட்வேயில் ஒரு படப் பெட்டியைத் திறந்தார். 25 செண்ட் போட்டால் எட்டு நிமிடத்தில் எட்டுப் படங்கள். வரிசையில் நின்று எடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஐரோப்பிய ரயில் நிலையங்களில் நாம் திரையை இழுத்துவிட்டு உட்காரும் பெட்டி அதன் பேரக்குழந்தை.

நம் ஊரில் பெட்டி வரவில்லை, ஸ்டூடியோ இருந்தது. உள்ளே போனால் கண்ணாடி, சீப்பு, பலரும் பயன்படுத்திய பவுடர் டப்பா, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு கோட்டு. "தலையைக் கொஞ்சம் தூக்குங்க, இந்தப் பக்கம், போதும், மூச்சை அடக்கிக்கோங்க." நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து அம்மைத் தழும்பை மறைப்பார்கள், கறுத்த முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவார்கள். நாம் அதைச் சேவையாக எடுத்துக்கொண்டோம். "நல்லா எடுத்திருக்கார்" என்றால் கலராக எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

1993இல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி. என். சேஷன் படம் ஒட்டிய வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தார். ஸ்டூடியோவுக்கே போகாத கிராமத்துப் பாட்டிகளுக்கும் பள்ளிக்கூடத்து பெஞ்சில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த அட்டையில் தன்னைப் பார்த்து அடையாளம் தெரியாமல் சிரித்தவர்கள் நிறைய. அந்தச் சிரிப்பில் ஒரு செய்தி இருந்தது. சான்றுப் படம் நமக்கு நம்மைக் காட்டுவதற்காக எடுக்கப்படுவதில்லை.

இயந்திரத்தின் கண்

இதுவரைக்கும் படத்தைப் பார்த்தவர் ஒரு மனிதர். அவர் படத்தையும் பார்ப்பார், நம்மையும் பார்ப்பார், ஒரு கேள்வி கேட்பார். 1980இல் மாண்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட ஐசிஏஓ என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, இயந்திரம் படிக்கும் கடவுச்சீட்டுக்கான தரத்தை வெளியிட்டது. அடியில் இருக்கும் அம்புக்குறி வரிகள் அதன் அடையாளம். 1998இல் மலேசியா சில்லு பதித்த கடவுச்சீட்டை உலகிலேயே முதலில் கொடுத்தது. 2003இல் முகத்தையே எல்லா நாடுகளுக்கும் பொதுவான உயிரியல் அடையாளமாக ஐசிஏஓ முடிவு செய்தது. கைரேகையோ கண்மணியோ வேண்டுமானால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

சிரிப்பு அப்போதுதான் போயிற்று. கனடா 2003இலும் பிரிட்டன் 2004இலும் இயல்பான, சலனமில்லாத முகம் வேண்டும் என்றன. சிரிக்கும்போது கன்னம் மேலேறுகிறது, கண் சுருங்குகிறது, உதடு விரிகிறது. எல்லையில் களைத்துப்போய் நிற்கும் முகத்தோடு அதை ஒப்பிட இயந்திரம் திணறுகிறது. அதற்காக நாம் துக்க வீட்டு முகத்தோடு உட்கார வேண்டியதில்லை. வாயை மூடி, கண்ணைத் திறந்து, இயல்பாக இருந்தால் போதும்.

இந்த இடத்தில் நம் நிறத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். படச்சுருள் காலத்திலேயே வண்ணங்களைச் சரிபார்க்க வெள்ளைப் பெண் ஒருவரின் படம் போட்ட அட்டையைத்தான் கடைகள் பயன்படுத்தின. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகம் இருட்டில் கரைந்தால் அது கறுத்தவரின் குறை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயம் சுமக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டுக்கு போலராய்டு நிறுவனத்தின் அடையாளப் படக் கருவி பயன்பட்டது. 1970இல் அந்த நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்களே அதை எதிர்த்து எழுந்தார்கள். 1977இல் நிறுவனம் அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. மொரிசியஸ் டிக்கெட்டின் தூரத்துச் சொந்தம் அது.

கணினிக் காலத்திலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. பிரிட்டனில் இணையவழிப் படச் சோதனை மிகக் கறுத்த தோலிலும் மிக வெளுத்த தோலிலும் சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தே பயன்பாட்டுக்கு வந்தது என்று 2019இல் வெளிவந்தது. 2020இல் பிபிசி செய்த சோதனையில், கறுத்த பெண்களின் படங்களில் 22 விழுக்காடும் வெளுத்த ஆண்களின் படங்களில் 9 விழுக்காடும் தரமில்லை என்று அந்தச் சோதனையால் தட்டப்பட்டன. வாய் மூடியிருந்தும் திறந்திருக்கிறது என்று சொல்லும், கண் திறந்திருந்தும் மூடியிருக்கிறது என்று சொல்லும்.

என் அம்மாவுக்கு இது நடந்தது. எழுபது வயதில், எங்களோடு இருக்க வருவதற்கான விண்ணப்பம். அனுப்பிய படம் "முகத்தில் நிழல்" என்று திரும்பி வந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடி திரும்பியது. அம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிழல் எங்கடா இருக்கு? என் நிறமே அதுதானே?" என்றார். பிறகு பவுடர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்று உட்கார வைத்தோம். விளக்கை மாற்றி வைத்து எடுத்த மூன்றாவது படம் ஏற்கப்பட்டது. இரண்டு மாதம் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் எழுபது வயதில் ஒருவர் தன் நிறத்துக்காக மன்னிப்புக் கேட்பதுபோல எழுந்து நின்றது எனக்கு மறக்கவில்லை. இந்த உரையைத் தயாரிக்க அதுவும் ஒரு காரணம்.

நாம் எங்கே தவறுகிறோம்

இனி வேலைக்கு வருவோம். குறிப்பு எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது வெளிச்சம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால் கேமரா சுவரின் வெண்மையைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். முகம் இன்னும் இருண்டு போகும். போனில் எடுத்தால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, ஒளி முகத்துக்கு ஏற்ப அமைந்த பிறகு எடுங்கள். உச்சி விளக்கு கண்குழியில் நிழல் போடும். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழட்டும், அல்லது இரண்டு பக்கமும் சம தூரத்தில் விளக்கு வையுங்கள். சுவரை ஒட்டி நிற்காமல் இரண்டு மூன்றடி முன்னால் வாருங்கள், பின்னால் நிழல் விழாது. பவுடர் பளிச்சென்று ஒளியைத் திருப்பி அடிக்கும், எண்ணெய்ப் பசையும் அப்படித்தான். முகத்தைக் கழுவித் துடைத்தால் போதும்.

இரண்டாவது தூரம். செல்ஃபி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் மூக்கு பெரிதாகும், காது ஒடுங்கும். இன்னொருவர் ஐந்தடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, கேமராவைக் கண் உயரத்தில் பிடித்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது அழகுபடுத்துவது. பழைய ஸ்டூடியோ டச்சப்பை இன்று போனே கேட்காமல் செய்துவிடுகிறது. தோலை மெழுகும், மச்சத்தை அழிக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். நம் பள்ளிக்கூடம் தேடித் தேடி எழுதிய மச்சத்தை நாமே அழிக்க வேண்டாம். பின்னணியை மென்பொருளால் வெட்டி வெள்ளையாக்குவதும் ஆபத்து. காது ஓரமும் முடி ஓரமும் சேர்ந்து போய்விடும்.

நான்காவது கண்ணாடி. அமெரிக்காவில் 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடி கூடாது. வேறு சில நாடுகள் கண் தெளிவாகத் தெரிந்தால் விடுகின்றன. எந்த நாடாக இருந்தாலும் கழற்றிவிட்டு எடுப்பதே நல்லது. தலையை மூடுவது மத வழக்கமென்றால் பெரும்பாலான நாடுகள் ஏற்கும், ஆனால் நெற்றியிலிருந்து மோவாய் வரை நிழலில்லாமல் தெரிய வேண்டும்.

ஐந்தாவது அளவு. இங்கே அதிகம் பேர் விழுகிறார்கள். அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் 35க்கு 45 மில்லிமீட்டர். கனடாவுக்கு 50க்கு 70, அதில் மோவாயிலிருந்து உச்சி வரை 31 முதல் 36. வெளி அளவு மட்டும் சரியாக இருந்து தலை சின்னதாக இருந்தாலும் படம் திரும்பும். ஊரில் எடுத்த படத்தை இங்கே கொடுப்பது, இங்கே எடுத்ததை ஊர்த் தூதரகத்துக்குக் கொடுப்பது இரண்டிலும் கவனம் தேவை. வீட்டில் அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்று கொடுத்தால் அளவு மாறிவிடும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

ஆறாவது பழைய படம். பெரும்பாலான நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்கின்றன. போன பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே சட்டையோடு அதே படம் வந்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார். வெள்ளைச் சட்டையும் வேண்டாம், கழுத்து சுவரோடு கரைந்துவிடும்.

கைக்குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை விரிப்பில் படுக்க வைத்து மேலிருந்து எடுங்கள். நம் கையோ வளையலோ தெரியக் கூடாது. பால் குடித்துத் தூங்கும் நேரத்தில் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

இணையச் சோதனை தவறாகத் தட்டினால் பயந்துபோய் விலக வேண்டாம். சில நாடுகளில் காரணம் எழுதி அனுப்ப இடம் இருக்கிறது, மனிதர் ஒருவர் பார்ப்பார். அதைக் கேட்பது நம் உரிமை. பயணச்சீட்டை வாங்கிவிட்டுப் படத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் கடவுச்சீட்டுக் காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பித்து வையுங்கள். படம் திரும்பி வந்ததால் தகப்பனார் சடங்கைப் போன் திரையில் பார்க்க நேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதை விவரிக்க விரும்பவில்லை.

மிச்சம் இருக்கும் படம்

லோடியின் கதை முடிந்ததென்று நினைத்தால் இல்லை. 2018இல் ஜெர்மனியில் ஒரு செயற்பாட்டுக் குழு இரண்டு பேரின் முகங்களைக் கணினியில் கலந்து, அந்தப் படத்தோடு உண்மையான கடவுச்சீட்டே வாங்கிக் காட்டியது. 2025 மே முதல் ஜெர்மனி காகிதப் படத்தை ஏற்பதில்லை. அலுவலகத்திலோ அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவிலோ எடுத்து நேராகக் கணினிக்குப் போக வேண்டும். இரவல் சீட்டு போய் இரவல் முகம் வந்திருக்கிறது. கையில் உறையோடு ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்து, எட்டுப் படங்களையும் விசிறிபோல் பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் தலைமுறையோடு போய்விடலாம்.

மொரிசியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் குடியேறிகளின் பதிவேடுகளும் படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் தேடி வருகிறார்கள். தமிழ் மறந்த குடும்பங்கள், பெயர் உருமாறிய குடும்பங்கள். எண்ணைச் சொன்னால் பதிவு கிடைக்கிறது, சிலருக்குப் படமும் கிடைக்கிறது. காவலருக்காக எடுத்த படத்தில், கேமராவை முறைத்துப் பார்க்கும் அந்தத் தாத்தாவை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மூக்கைப் பார்த்துத் தங்கள் மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. ஒருவர் போய்விட்டால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு, சுவரில் மாலை போட, ஆண்டுத் திதிக்கு நாம் தேடுவது எந்தப் படத்தை? கல்யாண ஆல்பத்தில் அவர் கூட்டத்தில் எங்கோ நிற்பார். கடைசியில் கையில் வருவது பாஸ்போர்ட் சைஸ் படம்தான். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிறோம். அரசாங்கம் கேட்டதற்காக எடுத்த படம் வீட்டுத் தெய்வமாகிவிடுகிறது.

ஆகவே அடுத்த முறை எடுக்கும்போது பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போனால் அவசரப்படுத்தாதீர்கள். தலையை வாரிக்கொள்ளட்டும், பிடித்த நிறத்தில் உடுத்திக்கொள்ளட்டும். விதிப்படி ஒரு படம் எடுத்த பிறகு, அதே நாற்காலியில் அதே வெளிச்சத்தில், சிரிக்கச் சொல்லி இன்னொன்றும் எடுத்து வையுங்கள். அது எந்த அலுவலகத்துக்கும் வேண்டாம். வீட்டுக்கு வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய டிக்கெட்டோ, தோட்டத் துண்டோ, தாத்தாவின் கடவுச்சீட்டோ இருந்தால் அதையும் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.